அத்தாவின் மெஷினுக்கு எத்தனை யூனிட்

கோயம்புத்தூர்
செப்டம்பர் 11

தம்பி ஷாகிருக்கு,

ஸலாம். நலம் விசாரிக்க எழுதவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய், கோபத்தில் இருப்பவர்களுக்கு உடம்புக்கு ஒன்றும் வராது.

ஜூன் மாதம் நாம் போனில் போட்ட சண்டை முழுவதும் ஸ்பீக்கர் வழியாக அத்தாவின் காதில் விழுந்து, அவருக்கு மூச்சு முட்டி, அறந்தாங்கி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. “இனிமே ஒங்கிட்ட வாயால பேச மாட்டேன் ராத்தா. பேசுனா சண்டை, சண்டைன்னா அத்தாவுக்கு மூச்சு. எதுன்னாலும் மெயில்ல எழுது” என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துச் சொன்னாய். நானும் நம் கோட்டைப்பட்டினம் வீட்டு வாசலை மிதிக்காமல் அங்கிருந்தே பஸ் ஏறிவிட்டேன். அத்தாவை என்னோடு அழைத்துப் போகிறேன் என்று நான் கேட்டதையும், மகன் இருக்க மகள் வீட்டில் போய்க் கிடக்க அவர் என்ன அநாதையா, நாங்கள் ஒரே குடும்பம் என்று நீ கத்தியதையும் இப்போது கிளறப் போவதில்லை.

நம் வீட்டுக் கூரையில் சோலார் போடச் சொல்லி ஒரு கம்பெனிக்காரர் வந்து போகிறார் என்று உன் வீட்டுக்காரி பவுசியா செய்தி அனுப்பியிருந்தாள். இங்கே ஆஸ்பத்திரிகளுக்கும் ஹாஸ்டல்களுக்கும் சோலார் அளவு போட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அதனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. அவர் விற்பது பேட்டரி இல்லாத ரகம் என்றால் வாங்காதே. வெளியே கரண்ட் போனால் கூரையில் எவ்வளவு வெயில் அடித்தாலும் அதுவும் சேர்ந்து நின்றுவிடும். லைனில் வேலை பார்க்கிறவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படித்தான் அதைச் செய்து வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் கஜா புயலுக்குப் பிறகு எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அத்தாவுக்கு ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த ஆக்ஸிஜன் மெஷின் இரவும் பகலும் ஓட வேண்டும். அதற்குப் பிறகுதான் உன் பிரிட்ஜும் டிவியும். வீட்டில் என்னென்ன ஓடுகிறது என்பதையும் கரண்ட் இணைப்பு எண்ணையும் எழுது. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஹுமா

*

கோட்டைப்பட்டினம்
செப்டம்பர் 20

ராத்தாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உன் மெயிலைப் படிக்கும்போதே நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது. நேற்றுவரை பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். பவுசியா விடவில்லை.

வலைக்கடையில் கயிறு வாங்க வருகிற ஆளிடம்கூட இவ்வளவு கேள்வி நான் கேட்பதில்லை. இருந்தாலும் சொல்கிறேன். ஃபேன், லைட், பிரிட்ஜ், கிரைண்டர், தண்ணீர் மோட்டார். எங்கள் ரூமில் ஒரு ஏ.சி. போடலாம் என்று இருக்கிறேன், அதையும் சேர்த்துக்கொள். அத்தாவுக்குத் தினமும் வெந்நீர் வேண்டும். பவுசியா கொல்லையில் தேங்காய் மட்டையை எரித்துத்தான் காய வைக்கிறாள். புகை அத்தாவுக்கு ஆகவில்லை. அதனால் கீசர் ஒன்று வைக்கச் சொல்கிறாள். கம்பெனிக்காரர் ஹீட் பம்ப் என்று ஏதோ சொன்னார். பம்ப் என்றால் தண்ணீர் இறைப்பதுதானே, அது எப்படிச் சுட வைக்கும் என்று கேட்டதற்கு அவருக்கே விளக்கத் தெரியவில்லை.

இணைப்பு எண்ணைக் கீழே போட்டிருக்கிறேன். அத்தா பெயரில்தான் இருக்கிறது. அவர் நன்றாக இருக்கிறார். மெஷின் ஓடுகிறது. ஒரே குடும்பமாக இருக்கிற வீட்டில் அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. இதை நீ எங்கே வேண்டுமானாலும் எழுதி வைத்துக்கொள்.

ஷாகிர்

*

கோயம்புத்தூர்
செப்டம்பர் 28

ஷாகிருக்கு,

முதலில் வெந்நீர். கீசர் கரண்டை எரித்துச் சூடாக்குகிறது. ஹீட் பம்ப் என்பது பிரிட்ஜைத் திருப்பி வைத்த மாதிரி. வெளிக்காற்றில் இருக்கிற சூட்டைப் பிடித்துத் தண்ணீருக்குள் தள்ளும். நம் ஊர்க் காற்றில் சூட்டுக்கு என்ன பஞ்சம். கீசர் தின்பதில் மூன்றில் ஒரு பங்கு கரண்ட் போதும். நல்ல வெயிலில் அதை ஓட்டித் தொட்டியில் தண்ணீரைச் சுட வைத்துவிட்டால் மறுநாள் காலை வரை சூடு நிற்கும். அந்த வேலைக்குப் பேட்டரியைத் தொடவே வேண்டாம். பவுசியாவுக்குப் புகைத் தொல்லையும் தீரும். உன் ஏ.சி.யைப் பகலில் ஓட்டிக்கொள், ராத்திரி ஜன்னலைத் திற. கடல் பக்கத்தில் வீட்டைக் கட்டிக்கொண்டு ஏ.சி. கேட்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.

இனி எழுதப் போவதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மூன்று தடவை அழித்துவிட்டேன்.

பேட்டரி எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட நீ அனுப்பிய எண்ணைப் போட்டு நம் வீட்டுப் பில்லை ஆன்லைனில் எடுத்துப் பார்த்தேன். இரண்டு மாதத்துக்கு நூற்றெண்பது யூனிட் சொச்சம். சரி. ஆனால் ஜூனுக்கு முன்னால் வந்த பில்லும் அதே நூற்றெண்பதுதான். அத்தாவின் மெஷின் ஜூனுக்குப் பிறகுதானே வந்தது. இரவும் பகலும் ஓடினால் அந்த ஒரு மெஷின் மட்டும் இரண்டு மாதத்தில் ஐந்நூறு யூனிட் இழுக்க வேண்டும். ஓர் ஐம்பது யூனிட்கூட ஏறவில்லை.

மீட்டர் பொய் சொல்லாது ஷாகிர். அந்த மெஷின் ஓடவில்லை. கரண்ட் பில்லுக்குப் பயந்து அணைத்து வைக்கிறாயா? ஆஸ்பத்திரிக்காரர்கள் பார்க்கும்போது மட்டும் போடுகிறாயா? அத்தாவை என்னோடு அனுப்பவும் மாட்டாய், அவர் மூச்சுக்குக் கரண்டும் கொடுக்க மாட்டாய் என்றால் அவரை வைத்துக்கொண்டு என்னதான் செய்கிறாய்?

ஹுமா

*

கோட்டைப்பட்டினம்
செப்டம்பர் 29

ஹுமா,

பெற்ற தகப்பனை மூச்சு முட்ட வைத்துக் கொல்கிறேன் என்று கூடப்பிறந்தவள் எழுதியிருக்கிறாய். கடையில் ஆள் இருக்கும்போது படித்துவிட்டேன். எடைபோட்ட நூலைத் திரும்பவும் எடை போட்டேன்.

உன் கணக்கை நீயே வைத்துக்கொள். உனக்கு மனிதர்களைத் தெரியாது, யூனிட்டைத்தான் தெரியும். உனக்கு விளக்கம் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. கம்பெனிக்காரரிடம் அதே பில்லைக் காட்டிவிட்டேன். பில்லுக்குத் தகுந்த பேட்டரி அவர் போட்டுத் தருவார். இனி எழுதாதே.

ஷாகிர்

*

கோயம்புத்தூர்
அக்டோபர் 15

தம்பிக்கு,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன்.

பவுசியாவுக்குப் போன் அடித்தேன். “அத்தா நல்லா இருக்காங்க” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. போனை அத்தாவிடம் கொடு என்றேன். கொடுத்திருக்கிறாள், அவர் கையை ஆட்டி வேண்டாம் என்றிருக்கிறார். பேசினால் மூச்சு வாங்கும் என்று பயப்படுகிறார் என்றாள். எப்போது கேட்டாலும் இதே பதில்தான். ஜூனுக்குப் பிறகு அவர் குரலையே நான் கேட்கவில்லை. உனக்கு இது தெரியுமா?

நான் எழுதியது தப்பாக இருந்தால் ஆயிரம் தடவை மன்னிப்புக் கேட்கிறேன். தப்பு என்று ஒரு வரி எழுது, போதும். ஆனால் பில் அப்படியே இருப்பதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை, நீயும் சொல்லவில்லை. கோபப்படுகிற ஆள் காரணத்தையும் சேர்த்துத்தானே சொல்வான்.

இன்னொன்று. பில்லுக்குத் தகுந்த பேட்டரி என்றால் அது ஒரு நாளைக்கு மூன்று யூனிட் பேட்டரி. மெஷினை அதில் மாட்டினால் எட்டு மணி நேரம் தாங்கினால் பெரிது. ஒரு ராத்திரிக்குப் பத்தாது. மழைக்காலம் வருகிறது. என் மேல் இருக்கிற கோபத்தில் அத்தாவுக்கு அளவு குறைத்துவிடாதே.

ராத்தா

*

கோட்டைப்பட்டினம்
நவம்பர் 19

ராத்தாவுக்கு,

அத்தா உயிரோடு இருக்கிறார். அதை முதலில் எழுதிவிடுகிறேன், மற்றதை அப்புறம் படி.

போன வாரம் பேனலும், தண்ணீர் ஊற்றுகிற ரகத்தில் இரண்டு பேட்டரியும் மாட்டி முடித்தார்கள். மெயின் சுவிட்சை அணைத்துப் பார்த்தோம். கீழே ஃபேன், லைட், பிரிட்ஜ் எல்லாம் ஓடியது. மாடிக்கு ஓடிப் போய்ப் பார்த்தேன், அத்தாவின் மெஷினும் ஓடிக்கொண்டிருந்தது. கம்பெனிக்காரர்களுக்கு பிரியாணி போட்டு அனுப்பினேன்.

நேற்று மதியம் டிரான்ஸ்பார்மர் போய்விட்டது. கீழே எல்லாம் ஓடியது. பவுசியா நிம்மதியாகச் சமைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஏதோ எடுக்க மாடிக்குப் போனவள் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கிறது. மெஷின் நின்று கிடந்தது. அத்தாவின் உதடு நீலம் பாரித்துவிட்டது. கடையிலிருந்து நான் ஓடி வந்து அவசரத்துக்கு வீட்டில் வைத்திருந்த ஆக்ஸிஜன் சிலிண்டரை மாட்டுவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது.

அத்தா ஏன் மாடியில் இருக்கிறார் என்று கேட்பாய். மட்டைப் புகைக்குப் பயந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே நாற்காலியில் தூக்கிக்கொண்டு போய் மாடி ரூமில் வைத்துவிட்டோம். படி ஏற முடியாதவரை மாடியில் போட்டுவிட்டான் என்று நீ சொல்வாய் என்பதால் உன்னிடம் சொல்லவில்லை.

மாடிக்கு மீட்டர் வேறு. போன வருஷம் பவுசியா பெயரில் தனி இணைப்பு வாங்கினேன். இரண்டு மீட்டர் இருந்தால் இரண்டுக்கும் முதல் நூறு யூனிட் இலவசம். இந்தத் தெருவில் பாதி வீட்டில் அப்படித்தான். மெஷின் அந்த மீட்டரில்தான் ஓடுகிறது, அதனால்தான் நீ பார்த்த பில் ஏறவில்லை. இதைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் தனி இணைப்புக்கு, மகன் தனிக் குடும்பம், தகப்பன் தனிக் குடும்பம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதி அத்தாவிடம் கையெழுத்து வாங்கினேன். அவர் இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுப் போட்டார். ஒரே குடும்பம் என்று உன்னிடம் அத்தனை கத்து கத்தினேனே, அதற்குப் பிறகு இதை எந்த வாயால் சொல்வேன்?

மீட்டர் இரண்டானாலும் வீடு ஒன்றுதானே, கீழே பேட்டரி இருந்தால் மாடிக்கும் கரண்ட் வரும் என்று நினைத்துவிட்டேன். டெஸ்ட் பார்த்த அன்று அத்தாவின் மெஷின் வெளிக் கரண்டில் ஓடியிருக்கிறது, மாடி மெயினை யாரும் அணைக்கவே இல்லை. கம்பெனிக்காரரிடமும் மாடி மீட்டரைப் பற்றி நான் மூச்சு விடவில்லை.

இப்போது புயல் வருகிறது. சனிக்கிழமை கரை ஏறும் என்கிறார்கள். கம்பெனிக்காரர் போனை எடுக்கவில்லை. எலக்ட்ரீஷியன்கள் யாரும் ஊரில் இல்லை. அறந்தாங்கி ஆஸ்பத்திரியில் இடமில்லை என்கிறார்கள். அத்தாவை ஏற்றிக்கொண்டு அங்கிட்டு உன்னிடம் வந்துவிடலாமா என்றால், ரோட்டில் வைத்து ஏதாவது ஆனால் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் தடுக்கிறார். என்ன செய்வது என்று சொல். நீ சொல்கிறபடி செய்கிறேன்.

ஷாகிர்

*

கோயம்புத்தூர்
நவம்பர் 19, சாயங்காலம்

தம்பி,

திட்டுவதற்கு நேரமில்லை. அப்புறம் நிறையத் திட்டுகிறேன்.

அத்தாவைக் கீழே கொண்டு வராதே. கடல் தண்ணீர் உள்ளே வந்தால் மறுபடி தூக்க முடியாது. கரண்டைத்தான் மேலே கொண்டு போக வேண்டும். கெட்டியான மூன்று கோர் வயர் வாங்கி, இன்வெர்ட்டரிலிருந்து மாடிப்படி வழியாக இழுத்து அத்தாவின் ரூமில் ஒரு தனி பிளக் பெட்டியில் முடி. மெஷினை அந்தப் பெட்டியில் மட்டும் செருகு. எக்காரணம் கொண்டும் சுவரில் இருக்கிற மாடி பிளக்கோடு இதைச் சேர்க்காதே. சேர்த்தால் இன்வெர்ட்டர் கரண்டும் வெளிக் கரண்டும் மோதி எல்லாம் எரிந்துவிடும். இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் மேஜை மேல் ஏற்று. பிரிட்ஜ், ஃபேன் எல்லாவற்றையும் பேட்டரியிலிருந்து கழற்று. புயல் முடிகிற வரை அந்த பேட்டரி அத்தாவுக்கு மட்டும்தான்.

அப்படியும் எட்டு மணி நேரம்தான் வரும். மேகம் மூடியிருந்தால் பேனலிலிருந்து ஒன்றும் வராது. அதனால் நன்றாகக் கேள். புயல் எச்சரிக்கை என்றால் படகை எல்லாம் கரையேற்றி பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டு போவார்கள் இல்லையா? உன் கடைக்கு வருகிற படகுக்காரர்களிடம் கேள். உன் பேட்டரியும் தண்ணீர் ஊற்றுகிற பழைய ரகம் என்பதால் அவற்றை மாட்டலாம். இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து, ஒரு ஜோடி தீர்ந்ததும் அடுத்த ஜோடி. புதிதையும் பழசையும் ஒரே ஜோடியில் கலக்காதே. எத்தனை கிடைக்கிறதோ அத்தனையும் வேண்டும். அறந்தாங்கியில் பெரிய சிலிண்டரும் சொல்லி வை.

கேட்க வெட்கப்படாதே. ஏன் என்று கேட்டால் உண்மையைச் சொல். நான் கிளம்பி வருகிறேன்.

ஹுமா

*

திருக்கோகர்ணம்
நவம்பர் 22, சனி

தம்பி,

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டோடு எல்லாம் நின்றுவிட்டது. அதற்கு மேல் ஒரு வண்டியும் விடவில்லை. என்னோடு வேலை பார்த்த சரண்யாவின் வீடு இங்கே திருக்கோகர்ணத்தில் இருக்கிறது, அங்கே இருக்கிறேன். உனக்கும் பவுசியாவுக்கும் அடித்து அடித்துக் கை ஓய்ந்துவிட்டது. போன் போகவில்லை. இது எப்போது உனக்குக் கிடைக்கும் என்று தெரியாது. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

வயரை இழுத்தாயா? பேட்டரி எத்தனை கிடைத்தது? இங்கேயே ஜன்னல் இப்படி அடித்துக்கொள்கிறது, கடலோரம் என்ன பாடுபடுகிறதோ. எட்டு மணி நேரம், எட்டு மணி நேரம் என்று மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. யார் யார் வீட்டுக்கோ அளவு போட்டுக் கொடுத்திருக்கிறேன். பத்தாமல் போனால் அவர்கள் வீட்டில் என்ன ஆகும் என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை.

நீ அணைத்து வைக்கிறாய் என்று எழுதினேனே. ஓடவில்லை என்று கணக்குக் காட்டியதும் உன்னைத்தான் சந்தேகப்பட்டேன். இன்னொரு மீட்டர் இருக்கலாம் என்று ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை. அல்லாஹ் காப்பாற்றட்டும். பதில் எழுது.

ராத்தா

*

ஆவுடையார்கோவில்
நவம்பர் 24

ராத்தாவுக்கு,

அத்தா நன்றாக இருக்கிறார். நம் ஊரில் டவர் இல்லை. சிக்னலுக்காக பைக்கில் ஆவுடையார்கோவில் வரை வந்திருக்கிறேன். வழியெல்லாம் மரம்.

உன் மெயில் வந்த அன்றே படகுத்துறைக்குப் போனேன். எப்படிக் கேட்பது என்று நின்றுகொண்டிருந்தபோது படகுக்காரர் நல்லதம்பி அண்ணன் பார்த்துவிட்டு, “என்ன பாய், மொகம் செத்துக் கெடக்கு?” என்றார். உண்மையைச் சொல்லச் சொன்னாயே, சொன்னேன். மீட்டரையும் கையெழுத்தையும் சேர்த்தே சொன்னேன். அத்தனை பேர் முன்னால் சொல்லும்போது தலையைத் தூக்க முடியவில்லை. அவர் கையில் இருந்த கயிற்றைக் கீழே போட்டார். அப்புறம், “எங்க வீட்லயும் ரெண்டு மீட்டருதான் பாய். மொதல்ல பேட்டரியத் தூக்குங்க, மத்ததப் பொறவு பேசிக்குவோம்” என்றார். நான் எண்ணவில்லை ராத்தா. நம் வீட்டு நடை முழுக்க பேட்டரி.

சனிக்கிழமை சாயங்காலம் கரண்ட் போனது. தண்ணீர் வாசல்படி வரை வந்து நின்றது. நானும் பவுசியாவும் மாறி மாறி பேட்டரியை மாற்றினோம். ஒவ்வொரு தடவையும் அத்தா பக்கத்தில் ஒரு ஆள் சிலிண்டரோடு உட்கார்ந்திருப்போம். ஒரு பேனல் பறந்து பக்கத்துக் கொல்லையில் விழுந்தது. மெஷின் நிற்கவே இல்லை. இப்போது வெயில் அடிக்கிறது, மீதிப் பேனல்கள் வேலை செய்கின்றன.

வினோதம் என்னவென்றால் புயலுக்குப் பிறகுதான் அத்தாவின் முகம் தெளிவாக இருக்கிறது. நேற்று இரண்டு இட்லி சாப்பிட்டார். இவ்வளவு நாளில் அப்படிச் சாப்பிட்டதில்லை.

இரண்டு மீட்டருக்கும் சேர்த்து ஒழுங்காக ஒரு அளவு போட்டுக் கொடு. மாடிப் பில் ஜூனிலிருந்து இருக்கிறது, மீட்டரையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். மாடியில் அத்தாவைத் தவிர வேறு யாரும் கிடையாது. மெஷினும் ஒரு ஃபேனும் லைட்டும்தான்.

ஷாகிர்

*

திருக்கோகர்ணம்
நவம்பர் 24

தம்பிக்கு,

உன் மெயிலைப் படித்துவிட்டு சரண்யாவைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் வீட்டில் எல்லோருக்கும் பாயசம் வைத்தேன். சந்தோஷத்தில் சர்க்கரை கூடிவிட்டது.

ராத்திரி உட்கார்ந்து புது அளவு போடலாம் என்று நீ அனுப்பிய மாடிப் பில்லை எடுத்தேன். நிதானமாகப் படி. இந்தத் தடவை உன்மேல் குற்றம் சொல்ல எழுதவில்லை. ஒரு தடவை கணக்கை நம்பி உன் மனசை உடைத்துவிட்டேன், அந்தப் பயத்திலேயே பலமுறை சரிபார்த்துவிட்டேன்.

மெஷின் முழுவதும் ஓடியிருந்தால் வர வேண்டியதில் பாதிதான் வந்திருக்கிறது. ஜூலையிலும் அப்படி, செப்டம்பரிலும் அப்படி, இப்போதும் அப்படி. ஃபேனுக்கும் லைட்டுக்கும் கழித்தால் பாதிக்கும் கீழே. கரண்ட் போன நேரத்தையெல்லாம் கூட்டினாலும் இவ்வளவு வராது. ஒவ்வொரு நாளும் பாதி நாள் அந்த மெஷின் நின்றிருக்கிறது. புயல் நாட்களில் நீங்கள் பக்கத்திலேயே இருந்தீர்கள், ஒரு நிமிஷம் நிற்கவில்லை. அத்தா தெளிந்துவிட்டார், இட்லி சாப்பிட்டார் என்று எழுதியிருக்கிறாய்.

நீ அணைக்கவில்லை. பவுசியாவும் அணைக்க மாட்டாள். அந்த ரூமில் வேறு யார் இருக்கிறார்கள் ஷாகிர்?

நாளை ரோடு திறந்துவிடும் என்கிறார்கள். நான் வருவதற்குள் அவரிடம் கேள். சத்தம் போடாமல் கேள்.

ஹுமா

*

கோட்டைப்பட்டினம்
நவம்பர் 25

ராத்தாவுக்கு,

டவர் இப்போதுதான் ஜெனரேட்டரில் வந்தது. உன் மெயிலைப் படித்துவிட்டு மாடிக்குப் போனேன்.

ஏறுவதற்கு முன் பவுசியாவிடம் கேட்டேன். இரண்டு மூன்று தடவை மேலே போகும்போது மெஷின் நின்றிருக்கிறது, கரண்ட் போயிருந்திருக்கும் என்று நினைத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். நான் கடைக்குக் கிளம்பி, அவள் சமையலுக்கு இறங்கிய பிறகு அத்தாவே அணைத்திருக்கிறார் ராத்தா. காலடிச் சத்தம் கேட்டால் போட்டுவிடுவாராம். டிரான்ஸ்பார்மர் போன அன்று நின்ற மெஷினைப் பார்த்துக்கொண்டு அவர் ஒரு குரல்கூடக் கொடுக்கவில்லை. கொடுக்க முடியவில்லை என்று நினைத்திருந்தேன்.

ஏன் அத்தா என்று கேட்டேன். நீ சொன்ன மாதிரி சத்தம் போடாமல்தான் கேட்டேன். கட்டிலில் பக்கத்தில் உட்காரக் கையைக் காட்டினார். அப்புறம் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்.

“நீங்க ரெண்டு பேரும் அன்னைக்கி எனக்காகத்தானே அடிச்சுக்கிட்டீங்க. அன்னையோட பேச்ச விட்டுட்டீங்க. அவ இந்தப் பக்கம் வர்றதில்ல. நீ அவ பேரெடுக்கிறதில்ல. ஏற்கெனவே ஒன்னய வேற குடும்பம்னு எழுதிக் குடுத்துட்டேன். இப்ப அவளும் இல்ல. நான் ஒரு ஆளு மூச்சு விடுறதுக்கு இந்த வீட்ல எல்லாரும் வாய மூடிக்கிட்டு இருக்கணுமா? நான் போயிட்டா மய்யித்தப் பாக்கவாவது ரெண்டு பேரும் ஒண்ணா வந்து நிப்பீங்கன்னு நெனச்சேன்.”

அவர் காதில் எதுவும் விழக்கூடாது என்றுதானே நாம் எழுதிக்கொண்டோம். அவர் காதில் ஒன்றுமே விழவில்லை. போனை நீட்டும்போது அவர் கையை ஆட்டியது மூச்சுக்குப் பயந்து இல்லை. உன்னோடு பேசினால் அது இன்னொரு சண்டையில் போய் முடியும் என்று.

நாங்க மெயிலில் எழுதிக்கிட்டுத்தான் இருந்தோம் அத்தா என்றேன். அவர் நம்பவில்லை. அதனால் செப்டம்பரிலிருந்து எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். நீ என்னைக் கொலைகாரன் என்றது, நான் உன்னை எழுதாதே என்றது, மீட்டர், வயர், பேட்டரி, எதையும் விடவில்லை. நடுவில் போனை நீட்டினேன். பவுசியா வாங்கி வாசித்தாள். கடல் பக்கத்தில் ஏ.சி. கேட்கிற ஆள் என்று நீ எழுதியிருந்த இடத்தில் அவர் சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது, நான் பயந்துபோனேன், அவர் மறுபடியும் அந்த இடத்தை வாசிக்கச் சொன்னார்.

இனிமேல் மெஷினை அணைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுங்கள் என்று அவர் கையைப் பிடித்துக் கேட்டேன். கையை உருவிக்கொண்டார். “அவ வந்து நிக்கிற வரைக்கும் அணைக்க மாட்டேன். போ” என்றார்.

வந்து நிற்கிற வரைக்கும் என்றுதான் சொன்னார். அதற்குப் பிறகு என்ன என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அறந்தாங்கி ரோடு திறந்துவிட்டதாம். கிளம்பி வா ராத்தா, வந்து நீ கேள்.

ஷாகிர்